வலது கண்ணில் இருப்பவர்

இடது கண்ணை மூடினால் அவர் இன்னும் இருக்கிறார். ஜன்னலோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில், பனியனும் வேட்டியுமாக, மடித்த பேப்பரை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கன்னம் வழவழவென்று, இளவெயில் உடம்புக்குள்ளேயிருந்து வருவதுபோன்ற நிறத்தில், எனக்குப் பழக்கமான என் வீட்டுக்காரராக உட்கார்ந்திருக்கிறார். வலது கண்ணை மூடினால், வேண்டாம், அதை இப்போது மூட வேண்டாம். மூன்று வாரத்துக்கு முன்னால் இடது கண்ணில் புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார்கள். நாளைக் காலையில் வலது கண்ணுக்கு. அதுவும் முடிந்துவிட்டால் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி பார்க்கும். டாக்டர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார், இருபது வயசுப் பார்வை திரும்பிவிடும்மா என்றார், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, இந்த மஞ்சள் வெளிச்சமும் இதற்குள் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரும் இனி வலது கண்ணில் மட்டும்தான் மிச்சம். நாளைக்கு அதையும் உறிஞ்சி எடுத்துக் கொட்டிவிடுவார்கள். கொட்டுவதற்குள் வரைந்துவிட வேண்டும். கை நீட்டிப் பென்சிலை நிறுத்தி அளக்கிறேன். பென்சில் நுனி அவர் உச்சந்தலையில், கட்டை விரல் நகம் அவர் தாடையில். முழங்கை வளையக் கூடாது, வளைந்தால் அளவு பொய்யாகிவிடும். அளக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் நாங்கள் எல்லாரும் வரிசையாக அப்படி ஒற்றைக் கண்ணோடு நிற்போம், எனக்கு எப்போதும் இடது கண்தான் மூடும். இன்றைக்கும் யாரும் சொல்லாமல் அதுவே மூடிக்கொண்டது. கைக்கு எல்லாம் மறந்துபோயிருக்கிறது, இமைக்கு மறக்கவில்லை. தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு கோடு இழுக்கிறேன். எறும்பு ஊர்ந்த தடம்போல வருகிறது. அழிக்கிறேன். மறுபடி இழுக்கிறேன். "ஆரம்பிச்சாச்சா?" என்கிறார். "பேசாதீங்க, தாடை அசையுது." "தாடை வரையறப்போ சொல்லு, அப்ப நிறுத்திக்கறேன். இப்ப எங்க இருக்கே?" "முழங்கையில." "முழங்கையால நான் பேசலையே." பேப்பரைத் திருப்புகிறார், தோள் இறங்குகிறது, நான் இழுத்த கோடு காற்றில் நிற்கிறது.

எப்போது விட்டேன் என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரு பதிலை ஏற்கனவே கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள், மாமியார், புருஷன், குழந்தை, மூன்றில் ஒன்றை நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல. எடுத்துக்கொள்ள எனக்கு எதுவும் இல்லை. கல்லூரி முடிந்ததும் வேளாண்மைத் துறையில் பயிர்ப்பூச்சிகளைப் பெரிதாக்கி வரைகிற தற்காலிக வேலை கிடைத்தது. தத்துப்பூச்சியின் இறக்கையில் எத்தனை நரம்பு ஓடுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வரைந்தேன். வேலை முடிந்தது, கல்யாணம் ஆயிற்று. இவருக்கு மின்வாரியத்தில் வேலை, மாற்றலுக்கு மேல் மாற்றல். முதல் மாற்றலுக்குச் சாமான் கட்டும்போது என் கலர் டியூபெல்லாம் நசுங்கிவிடும் என்று அரிசி டிரம்மில் அரிசிக்கு நடுவில் புதைத்து வைத்துக் கொண்டுவந்தவர் இவர்தான். மேட்டூரில் அரிசியோடு டியூபை எடுத்துக் கழுவினேன். அங்கே அணைக்கட்டு மதகை ஒரு தடவை வரைந்தேன். அறந்தாங்கியில் பெட்டி பரண்மேல் இருந்தது. பெரம்பலூரில் ஒரு நாள் எங்கள் பெண் தேன்மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ வரைய வேண்டும் என்று பெட்டியைத் திறந்தால் டியூபெல்லாம் கல்லாகக் கிடந்தது, அவள் "போம்மா, ஸ்கெட்ச் பேனாவே போதும்" என்று போய்விட்டாள். அதற்கு நான் அழவில்லை. மூடி வைத்துவிட்டு இட்லிக்கு மாவு கரைக்கப் போனேன். அந்த நாள்தானா? இல்லை, அதற்கு வெகு முன்னாலேயே விட்டிருந்தேன். மேட்டூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் எங்கேயோ. தூங்கிப்போன நிமிஷம் எது என்று காலையில் எழுந்து யோசித்தால் தெரியுமா, அதுபோலத்தான். யாராவது ஒருவர் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த ஆள்மேல் கோபப்பட்டுக்கொண்டாவது வரைந்திருப்பேன் என்று தோன்றுகிறது. இந்த மஞ்சளும் அப்படித்தான் வந்திருக்கிறது. புரை ஒரு நாளில் வருவதில்லை, வருஷக்கணக்கில் ஏறும், உங்களுக்கே தெரியாது என்றார் டாக்டர். நான் வரையாமல் இருந்த வருஷங்களில்தான் அது ஏறியிருக்கிறது. வரைந்துகொண்டிருந்தால் கண்டுபிடித்திருப்பேனோ. வெள்ளை வெள்ளையாக இல்லை என்று ஓவியம் படித்த ஒருத்திக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்றால், அவள் எதையுமே பார்க்காமல் இருந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம். பார்த்தேன், பார்க்காமல் எப்படிக் குடும்பம் நடக்கும். பால் பொங்குவதைப் பார்த்தேன், கீரையில் புழுவைப் பார்த்தேன், பாப்பாவின் நெற்றியில் காய்ச்சலைப் பார்த்தேன். நிறத்தைத்தான் பார்க்கவில்லை.

வேட்டிக் கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்தால் கை ஆடும், சிரிக்கக் கூடாது. இடது கண் கட்டை அவிழ்த்துவிட்டு வந்த வாரம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். எங்கள் கொடியில் யாரோ நீல வேட்டிகளை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். நம் கொடியில் எவள் போட்டது என்று கோபமாகக் கரையைத் திருப்பிப் பார்த்தால், எல்லாம் இவருடையது. ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் எனக்கு வேட்டி மங்கலாக, பழுப்பாகத் தெரியும், அலசுகிற தண்ணீரில் இன்னும் ஒரு சொட்டு நீலம் விடுவேன். அப்புறம் இன்னும் ஒரு சொட்டு. இப்படியே வருஷக்கணக்காக. வானத்தைக் கட்டிக்கொண்டு கல்யாணம் காட்சிக்கெல்லாம் போய்வந்திருக்கிறார் மனிதர். கீழே ஓடி வந்து, "ஏங்க, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றேன். "எனக்கு வெள்ளையாத்தானே தெரிஞ்சுது" என்றார். அவர் கண்ணிலும் புரை இருக்கிறது. என்னோடு வந்த அன்றே டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார், உங்களுக்கும் எடுத்துடலாமே சார் என்று, இவர்தான், முதல்ல இவளுக்கு முடியட்டும், எனக்கென்ன, பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு என்று தள்ளிப்போட்டுவிட்டார். ஆக நாங்கள் இரண்டு பேரும் ஒரே மஞ்சளுக்குள் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். வேட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் பென்ஷனர் சங்கத்துல அந்தச் சபாபதி கேட்டான், என்ன கலியபெருமாள் சார், கட்சி மாறிட்டீங்களான்னு. எனக்கு அப்பப் புரியல." நான் சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று பயந்து, அதற்கும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கின பிறகுதான், கொடியில் தொங்கின துணியின் மடிப்புக்குள் இன்னொரு நீலத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது, சொட்டு நீலத்தின் நீலம் இல்லை, நிழலின் நீலம். கல்லூரியில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் முட்டையும் வெள்ளைக் கோப்பையும் வைத்து, பின்னால் சுண்ணாம்புச் சுவர், வரையுங்கள் என்று விட்டுவிடுவார்கள். எல்லாம் வெள்ளை, எதைக்கொண்டு எதை வரைவது என்று அழுகை வரும். பார்த்துக்கொண்டே இருந்தால் மெல்ல முட்டைக்குக் கீழே ஒரு நீலம் வரும், கோப்பை விளிம்பில் ஒரு ஊதா. எங்கள் வகுப்பில் முதலில் அதைப் பார்த்தவள் நான். இதை அவரிடம் சொன்னேனா, ஏதோ துணி மடித்துக்கொண்டே சொன்னேன். மறுநாள் சாயங்காலம் ஒரு கலர்ப் பெட்டியும் தாளும் பரீட்சை அட்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். குழந்தைகள் பெட்டி, மூடியில் தொப்பி போட்ட யானை. "கடைக்காரன் குழந்தை என்ன படிக்குதுன்னு கேட்டான்." "என்ன சொன்னீங்க?" "இப்பத்தான் சேத்திருக்குன்னேன்."

உருவம் ஒரு மாதிரி வந்துவிட்டது. முழங்கால் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, இருக்கட்டும். முகத்தை மட்டும் ஒரு முட்டை வடிவமாக விட்டிருக்கிறேன், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சுவர். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால் சுவரைப் பார்க்கிறேன். உறைந்த நெய்யின் நிறம். இடப் பக்கம் ஜன்னல் கட்டைக்குக் கீழே கொஞ்சம் தேன். தூரிகையை நனைத்து, துளி மஞ்சள், துளிக்கும் குறைவாகப் பழுப்பு, நிறையத் தண்ணீர், தாளின் ஓரத்தில் தீற்றிப் பார்க்கிறேன். அதிகம். இன்னும் தண்ணீர். இன்னும். இப்போது சரி, தாளும் சுவரும் ஒன்றோடு ஒன்று பேசுகின்றன. என்ன சுகம் இது. தண்ணீர் தாளில் இறங்கும்போது ஓரத்தில் ஒரு மெல்லிய கரை கட்டுமே, அதைத் தூரிகை நுனியால் இழுத்துக்கொண்டே போக வேண்டும், நின்றால் கறை விழும், அந்த அவசரம்கூடக் கைக்கு ஞாபகம் வருகிறது. பனியனுக்கு நிழல் போட்டேன். வேட்டிக்கு மடிப்புப் போட்டேன். தெருவில் இளநீர் வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போகிறது, கேட்கிறது, ஆனால் தூரத்தில். இவர் "ஒரு இளநி வாங்கட்டுமா" என்று எழுந்திருக்கப் பார்த்ததும் "உட்காருங்க" என்று நான் போட்ட சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "சரி டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டார். தூரிகையை வைத்துவிட்டு, பெருமையாக, எட்ட வைத்துப் பார்க்கலாம் என்று இரண்டு கண்ணையும் திறந்தேன். தாளில் மஞ்சளே இல்லை. வெறும் சுவர். சாதாரண வெள்ளைச் சுவர், கொஞ்சம் சாம்பல் நிழலோடு. இடது கண்ணுக்கு எப்படி இருக்கிறதோ அச்சு அசல் அப்படியே. நான் மஞ்சளைத்தானே பார்த்தேன், மஞ்சளைத்தானே கலந்தேன். திருட்டுப்போனதுபோல இருந்தது. வலது கண்ணால் பார்த்தால் நெய், இடது கண்ணால் பார்த்தால் சுண்ணாம்பு.

நல்லவேளை, அழுவதற்கு டாக்டர் அனுமதி இல்லை. தூரிகையைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே யோசித்தேன், டம்ளர் விளிம்பில் அது டிங் டிங்கென்று தட்டியது. தாளும் வெள்ளை, சுவரும் வெள்ளை. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தால் சுவர் மஞ்சளாகும், அதே கண்ணாடியோடு தாளைப் பார்த்தால் தாளும் மஞ்சளாகும். ஏற்கனவே மஞ்சளாகத் தெரிகிற தாளில் மஞ்சளைக் கலப்பது எங்கே, தண்ணீர் விட்டு விட்டு நான்தான் அதைக் கழுவிக் கழுவி எடுத்துவிட்டேன். சரியாகப் பொருந்த வேண்டும் பொருந்த வேண்டும் என்று பார்த்து, கடைசியில் வேறு யார் பார்த்தாலும் தெரியும் சுவரை வரைந்து வைத்திருக்கிறேன். அப்படியென்றால் என் கண்ணுக்குள் இருப்பதை வெளியே எடுக்க வழியே கிடையாதா. உலகத்தில் இதேபோல மஞ்சளாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் எத்தனையோ பேர், ஒருவராலும் அது எப்படி இருக்கிறதென்று அடுத்தவருக்குக் காட்ட முடியாது. இவருக்கு நான் எந்த நிறத்தில் தெரிகிறேன் என்று எனக்குத் தெரியாததுபோல. ஆனால் எனக்கு, இன்றைக்கு மட்டும், இரண்டு கண் இருக்கிறதே. அவரைப் பார்க்க ஒரு கண், தாளைப் பார்க்க ஒரு கண். இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தி, வலது கண்ணால் சுவரைப் பார்த்தேன், நெய். அதை அப்படியே மனசில் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை மூக்குக்கு மேலாக நகர்த்தி வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணால் தாளைப் பார்த்தேன், பளீரென்று வெள்ளை. இந்த வெள்ளையில் அந்த நெய் வர வேண்டும். இப்போது மஞ்சளை அள்ளிக் கலந்தேன், பழுப்பைக் கலந்தேன், சிவப்பில் ஒரு பொட்டு. புதுக் கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பது கொஞ்சம் கலங்கும், அதனால் அட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டூல்மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். பார், பொத்து, மாற்று, கல. பார், பொத்து, மாற்று, கல. "என்ன வனஜா, ஈ ஓட்டறியா?" என்கிறார்.

வருகிறது. தாளில் மெல்ல எங்கள் வீடு வருகிறது. இத்தனை வருஷமும் நான் சமைத்த, பெருக்கிய, காய்ச்சலோடு படுத்திருந்த, பாப்பாவுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொன்றாக இருந்து ஆனால் எல்லா ஊரிலும் இதே வெளிச்சமாக இருந்த வீடு. கட்டு அவிழ்த்துவிட்டு வந்த அன்று இந்த வீட்டைப் பார்த்தால் மூலைக்கு மூலை ஒட்டடை, அடுப்புக்குப் பின்னால் டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு, இதிலா இருந்தோம் என்று வாரம் முழுக்கத் தேய்த்தேன். அந்த வீடு வேறு. இது இது. பனியன் வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது. வேட்டியில் நீலம் இல்லை, இந்தக் கண்ணில் அது பழைய வெள்ளை, கல்யாணத்து வெள்ளை. புறங்கையைப் போட்டேன், கம்பத்தில் ஏறி ஏறிக் கறுத்த கை, அதன்மேலும் அந்தத் தேன். நான் ஓவியம் வரைகிறேன். இந்த வார்த்தை உள்ளே எங்கேயோ தானாகச் சொல்லிக்கொண்டது, வெளியே சொன்னால் கலைந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். எத்தனை நாள் பசி இது என்று வயிற்றில்தான் தெரிகிறது. ஒரு வருஷத்துக்கு ஒரு படம் வரைந்திருந்தால்கூட, சரி, அந்தக் கணக்குக்குள் போக வேண்டாம். இனி முகம்தான். முகத்தையும் இதேபோல் வலது கண்ணால் பார்த்து இடது கண்ணால் போட்டுவிட்டால் முடிந்தது. பொத்துகிறேன், பார்க்கிறேன், வழவழவென்ற கன்னம். கையை மாற்றுகிறேன், தாளில் வெற்று முட்டை. மறுபடி மேலே பார்க்கும்போது கையை மாற்ற மறந்துவிட்டேன். இடது கண்ணால் அவரைப் பார்த்துவிட்டேன். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

இதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். கட்டு அவிழ்த்த அன்று காலையில் நர்ஸ் பிளாஸ்திரியை மெதுவாக உரித்தாள், கண்ணைத் திறங்கம்மா என்றாள். திறந்தேன். அவள் உடுப்பின் வெள்ளை, ஜன்னல் கம்பி, வேப்பிலை ஒவ்வொன்றாக, தனித்தனியாக, ஐயோ எவ்வளவு இலை. இப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தக் கண் புதுசு இல்லை, கும்பகோணத்துக் கண் இது என்று நினைத்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார். என் மாமனார். அவர் போய் எத்தனையோ வருஷமாயிற்று. தோள் சரிந்து, கன்னம் ஒட்டி, கழுத்தில் தோல் தொங்கி, கடைசிக் காலத்தில் இருந்ததுபோலவே நின்றார். மாமா எப்போது வந்தார், ஊரில் யாருக்கு என்ன என்று பதறினேன். ஒரு இமைப்பொழுதுதான். "தெரியுதா?" என்று இரண்டு விரலை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தார், குரல் இவருடையது. "இது என்ன சொல்லு பார்ப்போம்." "விரல்" என்றேன். நர்ஸ் சிரித்தாள், இவர் சிரித்தார். நான் கண் கூசுகிறது என்று சொல்லி இடது கண்ணை மூடிக்கொண்டேன். அதிலிருந்து இவரைப் பார்க்கும்போதெல்லாம் வலது கண்ணால்தான் பார்க்கிறேன். இப்படி எத்தனை நாளைக்கு. கிழவர் என்றால் கிழவர்தான், எனக்கு மட்டும் வயசு ஆகவில்லையா, கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது நான் இவ்வளவு பதறவில்லையே. பதறினது வயசுக்கு இல்லை. எப்போது இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியாது என்பதுதான். பக்கத்திலேயே இருந்தேன். ஒவ்வொரு நாளும் சோறு போட்டேன். ஒரு கோடு விழுந்ததையும் பார்க்கவில்லை. பூச்சியின் இறக்கையில் நரம்பை எண்ணினவள்.

"சொட்டு மருந்து நேரம்" என்று எழுந்தேவிட்டார். இனி உட்கார வைக்க முடியாது. தலையைச் சாய்த்துக்கொண்டேன். எப்போதும்போல என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கட்டை விரலால் கீழ் இமையை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குறி பார்க்கிறார். மருந்து விடும்போது மட்டும் இந்தக் கண்ணால் அவரைப் பார்க்க எனக்குப் பயமில்லை. தலைகீழாக, கிட்டத்தில், கலங்கலாகத் தெரிகிற முகத்துக்கு வயசு தெரியாது. தாடை மேலே, நெற்றி கீழே, நடுவில் குளிர்ச்சியாக ஒரு சொட்டு வந்து விழும், எல்லாம் கரைந்துவிடும். "அவ்ளோதான், மூடிக்கோ." மூடிக்கொண்டேன். அவர் முன்னால் போய் ஸ்டூலுக்கு எதிரில் நிற்பது காலடியில் தெரிந்தது. இவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிற ஆள் இல்லையே. "என்னது, எனக்கு மஞ்சக்காமாலையா?" என்றார் கடைசியில். "இப்படித்தான் தெரியறீங்க, அந்தக் கண்ணுல." "சுவத்துக்குமா காமாலை?" "சுவத்துக்கும்." "நல்லா இருக்கு" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. "கை என் கைதான். அந்தக் கட்டை விரல் சரியா வந்திருக்கு. ஆமா, மூஞ்சி எங்க?" "இனிமேத்தான்." திரும்பிப் போய் நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது. நான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "வனஜா." "ம்." "மூணு வாரமா என்னைக் கோழி பாக்கற மாதிரி சாஞ்சு சாஞ்சு பாக்கறே. நான் ஒண்ணும் கேக்கலை. கழுத்து வலியோன்னு நெனச்சேன், அப்புறம் பாத்தா டீவியை நேராத்தான் பாக்கறே, பக்கத்து வீட்டு அம்மாவை நேராத்தான் பாக்கறே." நிறுத்தினார். "புதுக் கண்ணுல நான் எப்படி இருக்கேன்?"

வேறு ஏதாவது சொல்லலாம். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று எழுந்து போகலாம். நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லலாம், அதைக் கேட்டுவிட்டு அவர் பேப்பரைத் திருப்பிக்கொள்வார், நான் வலது கண்ணால் பார்த்து இந்த முட்டைக்குள் ஒரு வழவழப்பான முகத்தைப் போட்டு முடித்துவிடுவேன், படமும் நன்றாகவே இருக்கும். நாளை மறுநாள் இரண்டு கண்ணோடும் அந்தப் படத்தின் முன்னால் நிற்பேன். பிறகு அவர் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன். இடது கண்ணைத் திறந்தேன். மருந்தின் ஈரம் விலகக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அதுவரைக்கும் அவர் உருவம் தண்ணீரில் தெரிவதுபோல ஆடியது, பிறகு நிலைத்தது. கன்னத்தில் சவரக் கத்தி விட்டுப்போன நாலைந்து முடி. நெற்றிப் பொட்டில் பச்சையாக ஒரு நரம்பு, மூக்குத்தண்டில் கண்ணாடி பதிந்து பதிந்து விழுந்த பள்ளம், காதுக்கு மேலே எல்லாம் நரைத்த பிறகும் எப்படியோ தப்பித்த ஒரு கொத்துக் கறுப்பு. புருவத்தில் ஒரு முடி மட்டும் நீண்டு வளைந்து தனக்கு எதுவும் சம்பந்தமில்லை என்பதுபோல நின்றது. கண்மணிக்கு நடுவில் தேங்காய்ப்பாலை ஊற்றினதுபோல ஒரு கலங்கல். அதன் வழியாகத்தான் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. இவ்வளவு நேரம் இமைக்காமல் இவர் என்னைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. நான் இவரை.

"உங்க அப்பா மாதிரி இருக்கீங்க" என்றேன். "கட்டு அவுத்த அன்னிக்கு மாமாதான் வந்துட்டாங்கன்னு நெனச்சுட்டேன்." சொல்லிவிட்டேன். கை பொத்தின இடத்தில் இமைக்குள் சூடாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கன்னத்தைத் தடவிப் பார்த்தார், அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா என்பதுபோல. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பிப் போகிற வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். "எங்கப்பா நல்லாத்தான் இருப்பாரு" என்றார். பேப்பரை எடுத்துக் கீழே போட்டார். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, மார்பை விரித்து, கழுத்தைத் தூக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தார். தோள் ஒரு விரற்கடை ஏறிவிட்டது. தாளில் நான் பாடுபட்டுப் போட்ட தோள் இனி அவருடையது இல்லை. கிளிப்பைத் தூக்கி, மஞ்சள் தாளை முகம் இல்லாமலே உருவி எடுத்து, ஈரம் ஒட்டாமல் கட்டில்மேல் கிடத்தினேன். அட்டையில் வேறு தாளை வைத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியிலிருந்து தொடங்குகிறேன்.